பீசோவும் காந்தமும் கொடைக்கானல் ஏறிய கதை

நான் கொடைக்கானலுக்குப் போனது ஏரியைப் பார்க்க அல்ல. பாதாம் பருப்பு நொறுங்காமல் சாக்லேட்டை வெட்டுவதற்கு. இதைச் சொன்னால் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. "ஆபீஸ் செலவுல கொடைக்கானலா? கொடுத்துவெச்சவ" என்றாள் என் தங்கை. கொடுத்துவைத்தவளாம்! கூட வரப்போவது சண்முகவேல் என்று தெரிந்திருந்தால் அந்த வார்த்தை அவள் வாயில் வந்திருக்காது.

எங்களுடையது கோயம்புத்தூரில் பம்ப் செய்கிற கம்பெனி. பம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் பின்பக்கத்து ஷெட்டில் ஆக்சுவேட்டரும் செய்கிறோம். மின்சாரம் கொடுத்தால் மயிரிழையிலும் குறைவான தூரம் நீண்டு சுருங்குகிற சாமான் அது. அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த நீட்டலைச் செய்ய இரண்டு வழி உண்டு. பீங்கான் வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வோல்டேஜ் கொடுத்தால் நீளும். அது பீசோ, என்னுடையது. ஒருவகை உலோகத் தண்டைச் செப்புச் சுருளுக்குள் வைத்து காந்தப்புலம் உண்டாக்கினாலும் நீளும். அது சண்முகவேலுடையது. ஷெட்டின் நடுவில் ஒரு பீரோ. பீரோவுக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் அவர். எட்டு வருஷமாக எது உசத்தி என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலாளிக்கு அலுத்துவிட்டது. "உங்க ரெண்டு பேரையும் கட்டி மேய்க்க என்னால ஆகாதுங்க" என்றார் ஒருநாள். "கொடைக்கானல்ல ஒரு அம்மா சாக்லேட் வெட்ட மிஷின் கேக்கறாங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு எடுத்துட்டுப் போங்க. அந்தம்மா எதை எடுத்துக்கறாங்களோ அந்தப் பிரிவு இருக்கும். இன்னொண்ணை மூடிரலாம். மூடுன பிரிவு ஆளு பம்ப் சர்வீசுக்குப் போயிருங்க."

பம்ப் சர்வீஸ் என்றால் கிணற்றுமேட்டில் வெயிலில் நின்று, மோட்டார் ஏன் ஓடவில்லை என்று விவசாயியிடம் பேச்சு வாங்குகிற வேலை. அது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எட்டு வருஷம் அந்த வில்லைகளோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். என்னைப் பெண்பார்க்க வந்தவர்களைக்கூட அவ்வளவு பொறுமையாக நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

என் கருவி ஒன்றரைக் கிலோ. டிபன் பாக்சோடு சேர்த்துத் தோள்பையில் வைத்துக்கொண்டேன். சண்முகவேலுடையது பதினாலு கிலோ. அதை ஒரு கித்தான் பையில் போட்டு, மாப்பிள்ளை அழைப்புக்குத் தாம்பாளம் தூக்குகிறவர் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். "ஏனுங்க சார், இதை வெச்சு சாக்லேட் வெட்டறதா, இல்ல மலையவே வெட்டறதா?" என்று கேட்டேன். "வெயிட்டு இருந்தாத்தானுங்க மேடம் ஸ்ட்ராங்கு" என்றார்.

பழனியில் மலைப் பேருந்து ஏறினோம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் எங்களுக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. சண்முகவேல் தன் பையைச் சீட்டுகளுக்கு நடுவே, அந்தக் குடும்பத்து அம்மாவின் காலடியில் வைத்தார். அந்த அம்மா கையில் அடிவாரத்தில் வாங்கிய ஒரு தகர வேல். பேருந்து முதல் வளைவில் திரும்பியதும் அந்த வேல் அவர் கையை விட்டு நழுவி, சண்முகவேலின் பைமேல் பொத்தென்று ஒட்டி நட்டுக்குத்தாக நின்றது.

சுருளுக்குள்ளே நிரந்தரக் காந்தம் ஒன்று உண்டு. உலோகத் தண்டை முன்கூட்டியே கொஞ்சம் இழுத்துவைப்பதற்காக. அதற்கு இரும்பு மூடி போடுங்கள், காந்தம் வெளியே கசிகிறது என்று நான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டால்தானே!

"முருகா!" என்று அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த சீட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். நடத்துனர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "அய்யா, பைக்குள்ள என்னய்யா வச்சிருக்கீங்க? ஒங்க பேரு என்ன?"

"சண்முகவேலுங்க."

முடிந்தது கதை. அதற்குமேல் நான் காந்தம், சுருள் என்று விளக்கினால் யார் கேட்பார்கள்? அவருக்கு ஜன்னலோரச் சீட்டு கிடைத்தது. ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கிடைத்தது. பதினாலு கிலோவுக்கு லக்கேஜ் டிக்கெட் போடுவதை நடத்துனர் மறந்தே போனார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலை முழுக்க நின்றபடி வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் என்னைப் பார்த்து, "பஞ்சாமிர்தம் வேணுமுங்களா மேடம்?" என்று கேட்டார். வயிற்றைப் புரட்டுகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

கோயம்புத்தூர்க்காரர்களான எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் "எங்கூரு கிளைமேட் மாதிரி வராதுங்க" என்போம். சாயங்காலம் நாலு மணிக்குக் கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் இறங்கிய நிமிஷத்திலேயே எனக்கு அந்த வியாதி குணமாகிவிட்டது. பல் கிட்டியது. மேகம் ஒன்று சாவகாசமாக டீக்கடைக்குள் நுழைந்து பின்பக்கமாக வெளியே போனது. மூன்று டீ குடித்தேன். மூன்றாவது டீயைக் குடித்தேனா, கையில் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றேனா என்பது ஞாபகமில்லை.

லாட்ஜ் மேனேஜர் சாவியைக் கொடுத்துவிட்டு எச்சரித்தார்: "ஹாட் வாட்டர் மார்னிங் சிக்ஸ் டு செவன் மட்டுந்தான் மேடம். வெள்ளனே எந்திரிச்சிருங்க. லேட் ஆனா சோலி முடிஞ்சிரும்."

கடை பஜாரில் இருந்தது. முன்பக்கம் காதர் பாய், தைலமும் குரங்குக் குல்லாயும் சாக்லேட்டும் விற்பார். பின்பக்கத்து அறையில் அவர் மனைவி ரஹ்மத் அக்கா சாக்லேட் செய்வார். மிஷின் கேட்டது அவர்தான். ஐம்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, கையில் கத்தி, வாயில் கேள்வி. எங்களை உட்காரவைத்து முதலில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் போட்டார். சண்முகவேல் சைவம் என்று தெரிந்ததும் பதறிப்போய், அவருக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிப் பத்து இடியாப்பம் வைத்தார். சண்முகவேல் பத்தையும் சாப்பிட்டார். கொடுமை என்னவென்றால், எட்டு வருஷத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டதும் ரஹ்மத் அக்கா விஷயத்துக்கு வந்தார். பாதாமும் அத்திப்பழமும் போட்டுப் பெரிய தட்டில் ஊற்றிய சாக்லேட் பாளத்தை வில்லை வில்லையாக வெட்ட வேண்டும். கத்தி பாதாம்மேல் இறங்கினால் பாதாம் தெறிக்கிறது, ஓரம் நொறுங்குகிறது. "பாதி சரக்கு தூளாப் போயிருதும்மா. சீசன் வருது. ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. நானும் இந்தச் செல்வியும் கைய ஒடிச்சுக்கிட்டுக் கெடக்கோம்" என்றார். செல்வி, பக்கத்துப் பள்ளங்கி கிராமத்திலிருந்து தினமும் வந்து போகிறவர். இருபது வருஷமாக இங்கே வெட்டுகிறவர்.

எங்கள் வைத்தியம் இதுதான். கத்தியின் அடியில் ஆக்சுவேட்டரை மாட்டினால் கத்தி ஒரு நொடிக்கு இருபதாயிரம் தடவை நடுங்கும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது. அழுத்தாமலே இறங்கும். பாதாமும் தெறிக்காது. இதை நான் என் வழியில் பத்து நிமிஷம் விளக்கினேன். சண்முகவேல் தன் வழியில் பதினைந்து நிமிஷம் விளக்கினார். ரஹ்மத் அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒண்ணு கரண்டு குடுத்தா நீளுது, இன்னொண்ணு காந்தம் வச்சா நீளுது. ரெண்டும் நீளத்தான செய்யுது? அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு வந்தீங்க?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் உலகத்தில் எத்தனையோ பேர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் இருவரும் இடியாப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவக் கிளம்பினோம்.

மறுநாள் காலை பரிசோதனை. முதலில் என் பீசோ. நான் கத்தியைக் கையில் பிடித்து, பிடியில் இருந்த பொத்தானை அழுத்தினேன். வெளியே கடை வாசலில் வழக்கமாகக் கடலை திருடுகிற குரங்குகள் நாலும் சட்டென்று காதைப் பிடித்துக்கொண்டு கூரைமேல் ஓடின. நமக்குக் கேட்காதது அதுகளுக்குக் கேட்கும் போலிருக்கிறது. "யம்மா தாயீ, சாக்லேட்டு வெட்டுனாலும் வெட்டாட்டியும் இத நான் வாசல்ல கட்டித் தொங்க விட்டுக்கிறேன்!" என்று கத்தினார் காதர் பாய்.

கத்தி இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு வெட்டை நான் ஷெட்டில்கூடப் பார்த்ததில்லை. ஒரு பாதாம் நடுவில் சரியாக இரண்டாகி, வெட்டுமுகம் பளபளவென்று இருந்தது. துணுக்கு இல்லை, தூள் இல்லை. ரஹ்மத் அக்கா வில்லையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மாஷா அல்லா" என்றார். சண்முகவேலின் முகம் செத்துப்போயிற்று. எனக்குள் நாதஸ்வரமே வாசித்தார்கள். பெருந்தன்மையோடு கத்தியைச் செல்வியிடம் நீட்டி, "நீங்க வெட்டுங்க அக்கா" என்றேன்.

அங்கேதான் நான் கெட்டேன்.

செல்வி ஒரு வெட்டு வெட்டினார். அடுத்த வெட்டுக்கு முன்னால், மேசைமேல் ஆவி பறந்துகொண்டிருந்த வெந்நீர்ச் சொம்புக்குள் கத்தியை முக்கினார். இருபது வருஷப் பழக்கம். கத்தியைச் சூடாக்கி, துணியில் துடைத்து, வெட்ட வேண்டும். சாக்லேட் வெட்டுகிற கைக்குத் தெரிந்த முறை அதுதான். ஆனால் அவர் விரல் பொத்தானை விடவில்லை. நொடிக்கு இருபதாயிரம் தடவை நடுங்குகிற கத்தி வெந்நீருக்குள் போனால் என்ன ஆகும்? சொம்பு சீறியது. பழுப்பு நிறத்தில் ஒரு புகைத்தண்ணீர் கிளம்பி எல்லார் முகத்திலும் அடித்தது. சண்முகவேலின் கண்ணாடி, ரஹ்மத் அக்காவின் முக்காடு, என் புது ஸ்வெட்டர், எல்லாம் சாக்லேட்.

"அய்யோ அக்கா, தண்ணியில விடக்கூடாதுங்க!"

"சரிம்மா, சரிம்மா. தெரியாமச் செஞ்சிட்டேன்."

துடைத்துக் கொடுத்தேன். ஒரு வெட்டு வெட்டினார். கத்தி மறுபடியும் சொம்புக்குள். மறுபடியும் எல்லார் முகத்திலும். "கையி தானாப் போகுதும்மா, நா என்ன செய்ய!" என்று செல்வியே தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாம் தடவை நான் சொம்பை எடுத்து ஜன்னல்மேல் வைத்தேன். அவர் வெட்டிவிட்டு, திரும்பி, எக்கி, ஜன்னல்மேல் இருந்த சொம்பிலேயே முக்கினார். பிடியின் இணைப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. உள்ளே இருப்பதோ நூற்றுக்கணக்கான வோல்ட்டில் நிற்கிற பீங்கான் அடுக்கு. பட்டென்று ஒரு சத்தம். கருகல் வாசனை. என் எட்டு வருஷம் கொடைக்கானலில் காலமானது.

பீசோவைக் குற்றம் சொல்ல மாட்டேன். பொத்தானைப் பிடியில் வைத்தவள் நான். இணைப்புக்குத் தண்ணீர் புகாத வளையம் போடாதவளும் நான். காய்ந்த சாக்லேட்டை வெட்டப் போகிற சாமானுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று நினைத்தேன். ஓடிப்போய் அந்த அடுக்கை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சண்முகவேல் முன்னால் அழக்கூடாது என்று வைராக்கியமாக ஒரு துண்டு சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

பிறகு அவர் முறை. பதினாலு கிலோவைக் கையில் பிடிக்க முடியாது. வாழைத்தார் தொங்குகிற உத்தரக் கொக்கியில் வாழைத்தாரை இறக்கிவிட்டு, ஸ்பிரிங் வைத்துக் கருவியைத் தொங்கவிட்டார். இயக்குவதற்குக் காலில் மிதிக்கிற பெடல். செல்வி வெட்டினார். வழக்கம்போலச் சொம்பில் முக்கினார். சொம்புப் பக்கம் திரும்புகிறபோது கால் தானாகப் பெடலை விட்டு எழுந்துவிட்டதால் கத்தி அடங்கிவிட்டது, தண்ணீர் தெறிக்கவில்லை. சுருளைச் சுற்றிப் பசை ஊற்றி மூடியிருந்ததால் உள்ளேயும் போகவில்லை. அந்த மனுஷன் இதையெல்லாம் யோசித்துச் செய்யவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். கையில் தூக்க முடியாததால் பெடல் வைத்தார், அவ்வளவுதான். ஆனாலும் வேலை நடந்தது. வெட்டு என்னுடையது அளவுக்கு இல்லை. ஆனால் மோசமும் இல்லை.

அரைமணி நேரம். அதற்குள் காந்தத்தின் பரம்பரை வியாதி தலைகாட்டியது. சுருளில் ஓடுகிற மின்சாரத்தில் சுருள் சுடும். மாறி மாறி வருகிற காந்தப்புலத்தில் தண்டும் சுடும். சூடு மெதுவாகக் கத்திக்கு இறங்கியது. வில்லைகளின் ஓரம் கரைந்து, வெட்டிய கோடு மூடிக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் தட்டில் இருந்தது சாக்லேட் அல்ல, பாயசம். ஒரே லாபம், குளிருக்கு ரஹ்மத் அக்காவும் செல்வியும் காதர் பாயும் வந்து அந்தச் சுருளைச் சுற்றி நின்று கை காய்ச்சிக்கொண்டார்கள். "ரொம்ப எதமா இருக்கு தம்பி. இத அடுப்பா எடுத்துக்கலாம்" என்றார் பாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என் கருவி செத்த துக்கத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அது.

சண்முகவேல் ஃபேன் தேடிக் கிளம்பினார். ஒரு டேபிள் ஃபேன் வைத்து ஊதினால் சூடு இறங்கும் என்பது அவர் கணக்கு. கோயம்புத்தூரில் தெருவுக்கு நாலு கடையில் கிடைக்கும். இங்கே கம்பளிக்கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஃபேனா? ஹீட்டர் இருக்கு சார், வாடகைக்கு. ரெண்டு நாளைக்கா?" எலக்ட்ரிக் கடைக்காரர் உள்ளே திரும்பி, "ஏலே, இங்க வாடா, ஒருத்தரு ஃபேன் கேக்குறாரு, வந்து பாரு" என்று வேடிக்கைக்கு ஆள் கூப்பிட்டார். கடைசியில் ஒரு பியூட்டி பார்லரிலிருந்து தலைமுடி உலர்த்துகிற கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அதில் குளிர்ந்த காற்றுக்கான பொத்தான் வேலை செய்யவில்லை என்பது போட்ட பிறகுதான் தெரிந்தது. இன்னொரு தட்டும் பாயசமாயிற்று.

ரஹ்மத் அக்கா அலுத்துப்போனார். "நாளைக்கு லஞ்ச் வரைக்கும் பாருங்க. சரியா வரலைன்னா ரெண்டையும் மூட்ட கட்டிக்கிட்டு வெரசாக் கெளம்புங்க. எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு. ஒங்க கோயம்புத்தூர் வித்தையப் பாத்துக்கிட்டிருந்தா என் சீசன் போயிரும்."

சாயங்காலம் முதலாளிக்கு போன் செய்து இரண்டு தோல்வியையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சொன்னார். "ரெண்டுமே வேணாம்னு அந்தம்மா சொல்லிப்போட்டாங்கன்னா, நான் பீசோவையே வெச்சுக்கறனுங்க. வெயிட்டும் கம்மி, கரண்டும் கம்மி. அவருகிட்ட இப்பச் சொல்லாதீங்க."

ஆக, நாளை மத்தியானம் வரை சண்முகவேலின் கத்தி சூடாகவே இருந்தால் போதும். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் என் பிரிவு பிழைத்துவிடும். அன்றைக்கு லாட்ஜ் சாப்பாட்டில் சாம்பார் ஆறிப்போய், அப்பளம் நமுத்துப்போய் இருந்தது. இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் வெள்ளனே கடைக்குப் போய்விட்டோம். சண்முகவேல் கத்தியைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். கையில் ஒட்டியிருந்த சாக்லேட்டைக் கழுவ நான் பின்கட்டுக் குழாயைத் திறந்தேன். அப்பா! தண்ணீரா அது? விரல் விரலாகக் கடித்தது. கையை உதறிக்கொண்டே உள்ளே வந்தேன். செல்வி அப்போதுதான் அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கிச் சொம்பில் ஊற்றி, மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

நேற்று முழுக்கச் சூடான கத்தியை வெந்நீரில் முக்கியிருக்கிறோம். சூடு, சூடு என்று பஜார் முழுக்க ஃபேன் தேடியிருக்கிறோம். மேசைமேல் ஆவி பறக்கிற சொம்பு கண்முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு இன்ஜினியர்களும் அதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. நடுங்குகிற கத்திக்குச் சூடு எதற்கு? சொம்பில் வெந்நீருக்குப் பதில் இந்தக் குழாய்த் தண்ணீர் இருந்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் செல்வியின் கை தானாகவே கத்தியைக் குளிர வைத்துவிடும். என் கருவியைக் கொன்ற அதே பழக்கம் அவருடையதைக் காப்பாற்றிவிடும்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். சண்முகவேல் ஈரத்துணியைச் சுருளில் சுற்றிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பஜாருக்குப் போனேன். பன் பட்டர் ஜாம் இரண்டு சாப்பிட்டேன். ஒரு குல்லாய் விலை கேட்டேன். நான் என்ன, அவருக்குச் சம்பளம் வாங்காத உதவியாளா? மலை முழுக்க நின்றுகொண்டு வந்தவள் நான். அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பஞ்சாமிர்தம் தின்றவர். இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். வாதம் நன்றாகத்தான் இருந்தது. பத்தரை மணிக்குத் திரும்பி வந்தபோது மூன்றாவது தட்டு உருகிக்கொண்டிருந்தது. சண்முகவேல் கொக்கியிலிருந்து கருவியைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

"விடுங்க மேடம், தோத்துட்டனுங்க" என்றார். "சர்வீசுக்கே போயிர்றேன். இந்த முட்டியை வெச்சுட்டு எத்தனை கெணறு ஏறறதுன்னுதான் தெரியலீங்க."

அவர் முட்டிக்காக நான் மனம் இரங்கினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொய். எனக்கு வந்தது கோபம். கருவியை வெந்நீரில் முக்கி முக்கி எடுத்துவிட்டு, 'இது சுடுகிறது' என்று அறிக்கை எழுதினால் அது ஒப்பீடா? எட்டு வருஷமாக நான் இந்த மனுஷனோடு சண்டை போட்டது இப்படி ஒரு தில்லுமுல்லில் ஜெயிக்கவா? அவரை நான் தோற்கடிக்க வேண்டும்தான். ஆனால் சரியாகத் தோற்கடிக்க வேண்டும்.

சொம்பை எடுத்தேன். வெந்நீரைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்து மேசைமேல் வைத்தேன்.

"கழட்டாதீங்க சார். இதுல முக்கிப் பாக்கச் சொல்லுங்க."

"பச்சத்தண்ணியா?" செல்வி வாயில் கைவைத்தார். "சாக்லேட்டு வெட்டுறதுக்கா? ஊருல கேட்டாச் சிரிப்பாகளே!"

"நேத்து நாம கூரை வரைக்கும் சாக்லேட் அடிச்சோம், அதுக்கே யாரும் சிரிக்கலீங்க அக்கா. முக்குங்க."

வெட்டினார். முக்கினார். துடைத்தார். வெட்டினார். பத்து வெட்டு. ஒரு தட்டு. இரண்டு தட்டு. சண்முகவேல் கத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சுருளைத் தொட்டால் சுட்டது. கத்தியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. மத்தியானப் பாங்கு சொல்கிற நேரம் வரை கத்தி நிற்கவே இல்லை. கடைசித் தட்டின் ஓரமும் முதல் தட்டின் ஓரம் மாதிரியே இருந்தது. ரஹ்மத் அக்கா இரண்டு தட்டின் வில்லைகளையும் ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "இது போதும்மா. இதையே வச்சிட்டுப் போங்க. இன்னும் ரெண்டு செஞ்சு அனுப்புங்க" என்றார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒம் மிஷினு நேத்தே போயிருச்சு. இது அவரு மிஷினுல்ல? நீ எதுக்கு வந்து வழி சொன்ன?"

"தெரியலீங்க அக்கா. வாய வெச்சுட்டுச் சும்மா இருக்க முடியல" என்றேன். அவர் என் தாடையைப் பிடித்து ஆட்டிவிட்டு, ஒரு பெரிய பொட்டலம் அத்திப்பழ சாக்லேட்டை என் பையில் திணித்தார். எனக்குப் பெருமையாக இல்லை. நல்லது செய்தால் மனசு லேசாகும் என்கிறார்களே, அதுவும் ஆகவில்லை. வயிறுதான் எரிந்தது.

கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பீட்டு அறிக்கை எழுதினோம். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எழுதுகிற வேலை என் தலையில். நியாயமாகத்தான் எழுதினேன். பீசோ எடை குறைவு, மின்சாரம் குறைவு, வெட்டு மிகச் சுத்தம். ஆனால் ஈரம் ஆகாது. காந்தம் கனம், சூடு, மின்சாரம் அதிகம், வெட்டு சுமார். ஆனால் முரட்டுக் கைக்குத் தாங்கும், தண்ணீர்ப் பழக்கமுள்ள இடத்தில் உழைக்கும். 'சுமார்' என்ற சொல்லைச் சண்முகவேல் முறைத்துப் பார்த்தார். நான் மாற்றவில்லை. குளிர்ந்த நீர் யோசனை யாருடையது என்று எழுத வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். வேண்டாம் என்றேன். என்னிடமிருந்து பேனாவைப் பிடுங்கி, கோழிக் கிறுக்கலில் அவரே என் பெயரை எழுதினார்.

முதலாளிக்குப் போனில் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நீங்களே சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப சொன்ன சொல்லுதானுங்க மேடம். நான் மாத்த முடியாது. கடைசி வரியையும் நீங்களே எழுதிப்போடுங்க. பீசோ பிரிவு தேவையில்லைன்னு."

எதிரே சண்முகவேல் உட்கார்ந்திருந்தார். போனில் பேசியது அவருக்கும் கேட்டிருக்கும்.  கல்லாவின்மேல் இருந்த தைலப் புட்டிகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தார்.

எழுதினேன். 'பீசோ பிரிவு தேவையில்லை.' எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னால் அதன் கீழே கையெழுத்துப் போட முடியவில்லை. வரியின் தொடக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே 'இப்போதைக்கு' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.

காகிதத்தைச் சண்முகவேலிடம் தள்ளினேன். முதலாளி சொன்னது அந்தச் சொல் இல்லாமல் என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டு வரியைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். பிறகு என் கையெழுத்துக்குக் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார்.